அடிப்படைக் கட்டமைப்பும் அந்த ஜெர்மன் பேராசிரியரும்

'அடிப்படைக் கட்டமைப்பு என்ற கோட்பாடு அரசமைப்புச் சட்டத்தில் எந்த இடத்திலும் எழுதப்படவில்லை, யாரோ ஒரு ஜெர்மன் பேராசிரியர் சொன்னதை நம் நீதிபதிகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள், உண்மையா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அரசமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இருந்தாலும், அதன் அடித்தளத்தையே மாற்றிவிட முடியாது என்பதுதான் அந்தக் கோட்பாடு. கூடவே, வழக்கறிஞர் அல்லாத ஒருவர் இதை எங்கே போய்ச் சரிபார்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உண்மையில் நீங்கள் கேட்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: ஓர் அறிஞர் எழுதிய நாலு பக்கம், தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் கையைக் கட்டும் அளவுக்கு எப்படி வலிமை பெறுகிறது, அது நியாயமா? நான் வழக்கறிஞர் இல்லை. சட்டக் கல்லூரி நூலகத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஆகவே சட்ட ஆலோசனையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு கருத்து எந்தப் புத்தகத்திலிருந்து எந்தத் தீர்ப்புக்குப் போனது என்று தேடி எடுத்துக் கொடுப்பதுதான் அத்தனை ஆண்டுகளும் என் வேலையாக இருந்தது. அந்த வகையில் பதில் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமில்லாத விஷயம். அப்படி ஒரு பேராசிரியர் இருந்தார். பெயர் டீட்டர் கான்ராட். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு நிறுவனத்தில் சட்டம் கற்பித்தவர். 1965 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையில் ஓர் உரை நிகழ்த்தினார். அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு, எழுதப்படாவிட்டாலும் உள்ளுறையாக எல்லை உண்டா என்பதுதான் பொருள். அவர் கேட்ட கேள்விகள் இன்றைக்குப் படித்தாலும் தூக்கிப் போடும். தனிமனிதனின் உயிரையும் சுதந்திரத்தையும் சட்டமே இல்லாமல் பறிக்கலாம் என்னும்படி 21ஆம் பிரிவைத் திருத்திவிடலாமா? ஆளும் கட்சி, தன் பெரும்பான்மை தேய்வதைக் கண்டு, இனிமேல் திருத்தும் அதிகாரம் பிரதமரின் யோசனைப்படி நடக்கும் குடியரசுத் தலைவருக்கே என்று 368ஆம் பிரிவை மாற்றிக்கொள்ளலாமா? இந்தியாவைத் தமிழ்நாடு, இந்துஸ்தான் என்று இரண்டாகப் பிரித்து முதல் பிரிவைத் திருத்தலாமா? அரசமைப்பையே ஒழித்துவிட்டு மொகலாயப் பேரரசரையோ இங்கிலாந்தின் முடியையோ திரும்பக் கொண்டுவரலாமா? தமிழ்நாடு என்ற பெயர் அந்தப் பட்டியலில் வந்தது தற்செயல் அல்ல. திராவிட நாடு பிரிவினைப் பேச்சும், அதைத் தடுக்க வந்த 1963ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தமும் அப்போது பழங்கதையாகியிருக்கவில்லை.

அவர் இப்படிக் கேட்டதற்கு அவருடைய நாட்டில் நடந்தது காரணம். 1919இன் வைமார் அரசமைப்பில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை இருந்தால் எதையும் திருத்தலாம் என்பதே அன்றைக்கு அங்கே நிலவிய சட்டப் பார்வை. 1933 மார்ச்சில், முறைப்படி வாக்கெடுத்து, சட்டமியற்றும் அதிகாரத்தையே ஹிட்லரின் அரசாங்கத்திடம் தூக்கிக் கொடுத்தார்கள். போருக்குப் பின் 1949இல் எழுதிய அடிப்படைச் சட்டத்தின் 79(3)ஆம் பிரிவில், மனித மாண்பையும் மக்களாட்சியின் அடித்தளங்களையும் எந்தப் பெரும்பான்மையாலும் தொட முடியாது என்று எழுதி வைத்தார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்கு அது எழுதப்பட்ட பிரிவு. நமக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. 'இது வெளியிலிருந்து வந்தது' என்பவர்களின் வாதத்தில் வலுவான பகுதி இதுதான். அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

அந்த உரை காசியிலேயே நின்றுவிடவில்லை. கட்டுரை வடிவில் சென்னையில் ஒரு சட்டப் பேராசிரியரின் கருத்துக்காக அனுப்பப்பட்டது, அந்த வழியில் மூத்த வழக்கறிஞர் எம்.கே. நம்பியாரின் பார்வைக்கு வந்தது. அடிப்படை உரிமைகளைத் திருத்தத்தால் குறைக்கலாமா என்ற கேள்வி எழுந்த கோலக்நாத் வழக்கில் நம்பியார் அந்த வாதத்தை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். 11 நீதிபதிகள், 1967 பிப்ரவரி 27, ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் தீர்ப்பு. தலைமை நீதிபதி சுப்பாராவ் இந்த வாதத்தைக் கேட்டுவிட்டு என்ன செய்தார் என்பதைப் பலர் தவறாகச் சொல்வார்கள். அவர் அதை ஏற்கவில்லை, தள்ளவும் இல்லை. வாதத்தில் கணிசமான வலு இருக்கிறது, ஆனால் இந்த வழக்கில் அதை முடிவு செய்ய வேண்டிய தேவையில்லை என்று சொல்லிவிட்டு, அடிப்படை உரிமையைப் பறிக்கும் சட்டம் செல்லாது என்னும் 13(2)ஆம் பிரிவில் வரும் 'சட்டம்' என்ற சொல்லுக்குள் திருத்தமும் அடங்கும் என்ற வேறு வழியில் போய்விட்டார். அதனால் கோலக்நாத்தை அடிப்படைக் கட்டமைப்புத் தீர்ப்பு என்று எழுதியிருந்தால், எழுதியவர் மூலத்தைப் புரட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கூட்டத்தில் பேசியவர் விட்டுவிட்ட ஒரு கண்ணி இருக்கிறது. கான்ராட் காசியில் பேசியதற்கு நாலு மாதம் முன்பே, 1964 அக்டோபர் 30 அன்று, சஜ்ஜன் சிங் வழக்கில் நீதிபதி முதோல்கர் தனியாக எழுதிய தீர்ப்பில், அரசமைப்பின் அடிப்படை அம்சம் ஒன்றை மாற்றுவது வெறும் திருத்தம்தானா, இல்லை அரசமைப்பின் ஒரு பகுதியைப் புதிதாக எழுதுவதாகுமா என்று கேட்டுவிட்டார். அவர் மேற்கோள் காட்டியது ஜெர்மனியை அல்ல, பாகிஸ்தானை. 1963இல் ஃபசலுல் காதர் சவுத்ரி வழக்கில் தலைமை நீதிபதி கார்னீலியஸின் உச்ச நீதிமன்றம், அரசமைப்பின் அடிப்படை அம்சத்தைக் குடியரசுத் தலைவரின் ஆணையால் மாற்ற முடியாது என்று சொல்லியிருந்தது. டாக்காவில் தொடங்கிய வழக்கு அது. எனவே 'ஜெர்மன்காரர் கொடுத்தார், நாம் வாங்கிக்கொண்டோம்' என்பது கணக்கில் இடிக்கிறது. அந்தச் சில ஆண்டுகளில் ஒரே கேள்வி பல இடங்களில் எழுந்திருக்கிறது. கான்ராட் அதற்கு மிகத் தெளிவான உருவம் கொடுத்தார் என்று சொன்னால் அது சரி.

இப்போது 1973. கேசவானந்த பாரதி வழக்கு காசர்கோடு அருகே உள்ள எடனீர் மடத்தின் நிலத்தைப் பற்றித் தொடங்கியது. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 11 தனித்தனித் தீர்ப்புரைகள், ஏப்ரல் 24ஆம் தேதி ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் முடிவு: அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது. மறுநாள் தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு பெறுகிறார். நூலகத்தில் இதை 'ஏ.ஐ.ஆர். 73 எஸ்.சி. 1461' என்று, ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் என்ற தீர்ப்புப் பத்திரிகையின் எண்ணாகத்தான் கேட்பார்கள், பெயர் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. அந்தத் தொகுதியின் முதுகு மூன்று தடவை கிழிந்து மூன்று தடவை பைண்டிங்குக்குப் போனது. எந்தப் பக்கங்கள் அழுக்காகியிருந்தன என்பது எனக்கு மனப்பாடம்: தொடக்கத்தில் வரும் சுருக்கக் குறிப்பான ஹெட்நோட், பிறகு சில தாள்கள். உள்ளே நூற்றுக்கணக்கான பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்தன. அந்தத் தொடப்படாத பக்கங்களில்தான் நீங்கள் தேடுவது இருக்கிறது. நீதிபதி எச்.ஆர். கன்னா தன் தீர்ப்புரையில் கான்ராடைப் பெயர் சொல்லியே மேற்கோள் காட்டுகிறார். சொல்வடிவில் எவ்வளவு எல்லையற்ற அதிகாரம் தரப்பட்டிருந்தாலும், அரசமைப்புக்குள் உருவான ஒரு திருத்தும் அமைப்பு, தன் அதிகாரத்தையே தாங்கி நிற்கும் தூண்களை மாற்றிவிட முடியாது என்பது அதன் சாரம். அவர் எடுத்தாண்ட கட்டுரை எங்கே வெளியானது தெரியுமா? 1966–67க்கான இந்தியப் பன்னாட்டு விவகார ஆண்டுத் தொகுதியில். அது வெளிவந்தது சென்னையிலிருந்து.

அந்த ஆண்டுத் தொகுதியை நான் வேலை பார்த்த நூலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. ஒரு முறை, இடம் போதவில்லை, யாரும் எடுக்காத பழைய தொடர்களைக் கழித்துவிடலாம் என்று பட்டியல் போடச் சொன்னார்கள். பட்டியலில் அதுவும் வந்தது. கன்னாவின் அடிக்குறிப்பைக் காட்டித்தான் அதைத் திரும்ப அலமாரியில் வைக்க முடிந்தது. எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற கணக்கை மட்டும் வைத்துச் சட்ட நூல்களைக் கழிப்பது ஆபத்தான பழக்கம் என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். பத்தாண்டுக்கு ஒருவர் மட்டும் தேடி வரும் புத்தகம் சட்டத்துறையில் உண்டு, அந்த ஒருவருக்கு அது கிடைத்தே ஆக வேண்டும்.

சரி, சந்தேகத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். கன்னா மேற்கோள் காட்டினார் என்பது அச்சில் இருக்கிறது. கன்னாவின் வாக்கு இல்லாமல் ஏழு என்ற எண்ணிக்கை வந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் 'கான்ராடால்தான் கன்னா அப்படி முடிவெடுத்தார்' என்பதை எந்த ஆவணத்தாலும் நிறுவ முடியாது. நீதிபதிகள் முதலில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டு அதற்கு ஆதரவான நூலைத் தேடுவதும் உண்டு, படித்து மனம் மாறுவதும் உண்டு. தீர்ப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மற்ற ஆறு நீதிபதிகளின் பாதையும் வேறு. சிக்ரி, ஷெலத், ஹெக்டே, குரோவர், ஜகன்மோகன் ரெட்டி, முகர்ஜி ஆகியோர் முகப்புரையிலிருந்தும், அரசமைப்பின் மொத்தத் திட்டத்திலிருந்தும் உள்ளுறை எல்லையை வருவித்தார்கள். கன்னா 'திருத்தம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்: திருத்திய பிறகும் பழையதன் அடையாளம் மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பெயர் திருத்தம் அல்ல. எனக்கு இந்த வாதம் ஜெர்மனியைவிட மொழிக்கு நெருக்கமானதாகப் படுகிறது. நாமும் பிழை திருத்திய படியைத்தான் திருத்திய படி என்கிறோம், வேறொன்றை எழுதிக் கொடுத்தால் அப்படிச் சொல்வதில்லை. இன்னொரு நெருடலும் உண்டு. பெரும்பான்மையின் முடிவு இது என்று ஒரு சுருக்கத் தாள் தயாரித்தார்கள், அதில் கையெழுத்திட்டவர்கள் 13 பேரில் 9 பேர்தான். ரே, மேத்யூ, பெக், துவிவேதி ஆகிய நால்வர் கையெழுத்திடவில்லை. 11 உரைகளிலிருந்து ஒரே ஒரு விதியைப் பிழிந்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.

'வெளிநாட்டுக்காரர் பேச்சை நாம் ஏன் கேட்க வேண்டும்' என்ற உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் அரசமைப்பு பிறந்தபோதே அப்படிப் பல பேச்சுகள் உள்ளே வந்தன, அவற்றில் ஒன்று நம் உரிமையைக் குறைத்தது. 1947இல் அரசமைப்பு அவை ஏற்ற வடிவில், 'டியூ பிராசஸ்' இல்லாமல், அதாவது நியாயமானதா என்று நீதிமன்றம் எடைபோடக்கூடிய சட்ட வழிமுறை இல்லாமல், யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்றிருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்து உச்ச நீதிமன்ற நீதிபதியான ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். இந்தச் சொல் நீதிபதிகளுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் தருகிறது, மக்களாட்சிக்கு ஒவ்வாது என்பது ஃபிராங்க்ஃபர்ட்டரின் கருத்து. ராவ் திரும்பி வந்தார், வரைவுக் குழு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்று போட்டது. அந்தச் சொற்றொடர் 1946இன் ஜப்பானிய அரசமைப்பிலிருந்து வந்தது.

அதன் விலையை முதலில் கொடுத்தவர் ஏ.கே. கோபாலன். சென்னை மாகாணச் சிறையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்டுத் தலைவர். 1950 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை எழுதி வைத்தால் போதும், அது நியாயமானதா என்று கேட்பது எங்கள் வேலை இல்லை என்கிற போக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கோபாலனுக்காக வாதாடித் தோற்ற வழக்கறிஞர் யார் என்றால், அதே எம்.கே. நம்பியார். நீதிபதி ஃபசல் அலி எழுதிய மாறுபட்ட தீர்ப்பு இருபதாண்டு காலம் அலமாரியில் கிடந்தது. 1970இல் வங்கி தேசியமயமாக்கல் வழக்கில் கோபாலன் தீர்ப்பின் அடிப்படை உடைந்தது, 1978 ஜனவரி 25இல் மேனகா காந்தி வழக்கில் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று முடிவானது. ராவ் அழித்த சொல்லின் பொருள் இப்படிச் சுற்றி வளைத்துத் திரும்பி வந்தது. ஆகவே யோசனை எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைவிட, நம் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதைக் குறுக்கே நின்று வாதிட வாய்ப்பு இருந்ததா என்பதைத்தான் நான் கேட்பேன். கேசவானந்தாவில் 68 நாள் அந்த வாய்ப்பு இருந்தது.

எதிர்த்தரப்பு என்றதும் எச்.எம். சீர்வையைச் சொல்லாமல் போக முடியாது. கேரள அரசுக்காக வாதாடியவர். திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளுறை எல்லை கிடையாது என்று முழு நம்பிக்கையோடு நின்றவர். அரசமைப்புச் சட்டம் பற்றிய அவருடைய பெருநூல் 1967 முதல் நம் நூலகங்களில் இருக்கிறது. நெருக்கடி நிலை வந்தது. 1975 ஆகஸ்டில் 39ஆவது திருத்தம், பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே முடியாதபடி செய்தது. ஆளும் கட்சி தன் வசதிக்காக அரசமைப்பைத் திருத்தினால் என்று கான்ராட் காசியில் கற்பனையாகக் கேட்டதற்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டது நாடு. நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை அடிப்படைக் கட்டமைப்பைக் காட்டியே செல்லாது என்றது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு சீர்வை தன் கருத்தை மாற்றிக்கொண்டார், மாற்றியதைத் தன் நூலின் அடுத்த பதிப்பில் காரணத்தோடு அச்சில் எழுதினார். அறிஞர் என்ற சொல்லுக்கு என் மனத்தில் வரும் முகம் அது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிகிற நூலகம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். 'புதுப் பதிப்பு வந்துவிட்டது, பழையதை எடைக்குப் போடு' என்பது பொறியியல் கையேட்டுக்குப் பொருந்தலாம்.

அதற்காக இந்தக் கோட்பாடு எல்லா நாட்டிலும் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை என்று நினைத்துவிட வேண்டாம். வங்கதேச உச்ச நீதிமன்றம் 1989இல் ஏற்றது. இலங்கையில் 1987இல் 13ஆவது திருத்தம் பற்றிய வழக்கில் இதே வாதம் வந்தபோது, தலைமை நீதிபதி சர்வானந்தாவின் தீர்ப்பு இதை ஏற்கவில்லை. அவர்கள் அரசமைப்பில் 'திருத்தம்' என்பதற்குள் நீக்கமும் அடங்கும் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது என்பது ஒரு காரணம். நல்ல சட்ட அறிவுள்ளவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். 1975ஐ நினைத்துப் பார்த்து நான் கோட்பாட்டின் பக்கம் நிற்கிறேன். அதே நேரம், எது அடிப்படை எது இல்லை என்று சொல்லும் வேலை முழுவதும் தேர்தலில் நிற்காத சிலர் கையில் இருக்கிறது என்ற எதிர்ப்பு எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது.

எழுத்துக்கு என்ன எடை என்ற விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 141ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். சீர்வையின் நூலோ கான்ராடின் கட்டுரையோ யாரையும் கட்டுப்படுத்தாது. நீதிபதி ஏற்றுக்கொண்டால் அவருடைய காரணத்தில் கலந்துவிடும், அவ்வளவுதான். ஹெட்நோட் என்பது தீர்ப்பே அல்ல, அதை எழுதுவது பத்திரிகையின் ஆசிரியர் குழு. ஹெட்நோட் வரியை நீதிபதியின் வாசகம் என்று மேற்கோள் போட்டு, மாதிரி நீதிமன்றப் போட்டியில் மாட்டிக்கொண்டு கண்கலங்கி வந்த மாணவர்களை எனக்குத் தெரியும்.

எங்கே படிப்பது? உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தரும் அதன் இ-எஸ்சிஆர் இணையதளம் 2023 ஜனவரியிலிருந்து இலவசம். பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் அதில் ஏறியிருக்கிறது, ஆனால் சந்தேகம் வந்தால் ஆங்கில மூலத்தோடு ஒப்பிடுங்கள். கேசவானந்தாவுக்கு 50 ஆண்டு நிறைந்தபோது உச்ச நீதிமன்றம் அந்த வழக்குக்கென்றே தனிப் பக்கம் ஒன்றும் திறந்தது. அரசமைப்பு அவை விவாதங்கள் நாடாளுமன்றத்தின் மின்நூலகத்தில் இருக்கின்றன. 1948 டிசம்பரில் இன்றைய 21ஆம் பிரிவு (அப்போதைய வரைவில் 15ஆம் பிரிவு) பற்றி நடந்த விவாதத்தைத் தேடுங்கள், இரு பக்கத்து வாதத்தையும் அம்பேத்கர் அங்கே நேர்மையாக எடுத்து வைத்திருக்கிறார். அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால், உயர் நீதிமன்ற வளாகத்து நூலகங்கள் நீதிபதிகளுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் உரியவை, வெளியாட்கள் நுழைவது கடினம். சட்டக் கல்லூரிகளில் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் உள்ளே உட்கார்ந்து படிக்க விடுவதுண்டு. எழும்பூர் கன்னிமாரா எல்லோருக்கும் திறந்தது, 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி போய்ச் சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலும் சட்டப் புத்தகங்கள் உண்டு.

11 உரைகளையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். கன்னாவின் உரையை எடுங்கள், கான்ராடின் பெயர் வரும் பத்தியையும் அதற்கு முன்னும் பின்னும் ஐந்து பக்கத்தையும் படியுங்கள். அடுத்து அவருக்கு நேர் எதிராக எழுதிய ஏ.என். ரேயின் உரையில், திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை இல்லை என்று அவர் சொல்லும் பகுதியைப் படியுங்கள். ஒரு வாரம் போதும். கூட்டத்தில் கேட்டது சரியா என்று அதற்குப் பிறகு நீங்களே அந்தப் பேச்சாளருக்குப் பதில் எழுதலாம், பக்க எண்ணோடு.